மேஸ்திரி உட்கார்ந்த கல்

என் கணவரை ஏலகிரி மலையிலிருந்து கயிற்றுக் கட்டிலில் வைத்து இறக்கினார்கள். ஜோலார்பேட்டை வரை கட்டில், அங்கிருந்து ரயில், ஆம்பூர் ஸ்டேஷனிலிருந்து மறுபடியும் கட்டில். கடைத்தெருவில் எங்கள் ஸ்டுடியோ வாசலில் இறக்கி வைத்தபோது கண்ணைத் திறந்து அவர் முதலில் கேட்டது காமிரா எங்கே என்றுதான். காமிராப் பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, பாதம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

மலைச்சரிவில் ஒரு பாறையின் மேல் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தாராம். மேலேயிருந்து ஒரு கல் உருண்டு வந்ததாம். காமிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்திருக்கிறார். ஆடு மேயும்போது கல் உருளுவது அந்த மலையில் நடப்பதுதான். ஆனால் மேலே ஆடு எதையும் பார்க்கவில்லை என்று கட்டிலைத் தூக்கி வந்தவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னார்கள். அதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "கல்லு உருண்டது. அவ்ளோதான்" என்றார்.

அவர் தொழில் கற்றது பெங்களூர் தண்டில், வெள்ளைக்காரப் பட்டாளத்துப் பேட்டையில். கல்யாணமான புதிதில் ஆம்பூருக்கு வந்து கடை போட்டோம். ஊரில் தோல் பதனிடும் தொழில் ஓங்கியிருந்த காலம் அது. கையில் காசு புழங்கிய குடும்பங்கள் எல்லாம் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டன. கடைக்குள்ளே ஒரு திரை தொங்கும். அதில் ஏரி, அன்னம், சீமை மாளிகை எல்லாம் வரைந்திருக்கும். அந்த ஏரியின் முன்னால் ஆட்களை நிறுத்திப் படம் எடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அவருக்கு அந்தத் திரையைக் கண்டாலே ஆகாது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு காமிராவைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். மரத்தையும் பாறையையும் படம் எடுப்பார். பணம் கொடுத்து அதை யார் வாங்குவார்கள்? கடைத்தெருவில் அவருக்கு மரப்பைத்தியம் என்று பேர்.

ஏலகிரியின் கிழக்குச் சரிவில் ஒரு பள்ளம் உண்டு. ஊற்றுப்பள்ளம் என்பார்கள். பாறை இடுக்கிலிருந்து கோடையிலும் தண்ணீர் கசியும். அதைச் சுற்றி மருதும் நாவலும் கொன்றையும் வெயில் தரையில் விழாதபடி நின்றன. வருஷத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்ததும், ஒரே பாறையின் மேல் முக்காலியை வைத்து அந்தப் பள்ளத்தைப் படம் எடுப்பார். பாறையில் உளியால் மூன்று குழி கொத்தி வைத்திருந்தார், முக்காலியின் மூன்று கால்களுக்கும். ஏன் எடுத்ததையே எடுக்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். மனுஷர்களை மட்டும் வருஷா வருஷம் எடுக்கிறோமே, அதற்கு ஏன் என்று கேட்க மாட்டேன் என்கிறாயே என்றார்.

அந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் நடந்தது தெரியும். தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டை வேண்டும். சுற்றியிருந்த கரட்டில் ஆவாரை தீர்ந்துகொண்டே வந்தது. அடுத்துக் கொன்றைப் பட்டைக்கும் மருதம் பட்டைக்கும் கை போயிற்று. சரிவின் கீழ்ப்பகுதியைக் காட்டிலாகாவிடம் குத்தகைக்கு எடுத்தவர் எல்லைக்கல்லைத் தாண்டி மேலே ஏற ஆரம்பித்தார். பட்டை உரித்த மரம் உடனே விழாது. வெள்ளையாக நின்றபடியே சாகும். ஒரு வருஷம் படத்தின் இடது ஓரத்தில் அப்படி இரண்டு மரம். அடுத்த வருஷம் அந்த இடத்தில் வானம். என் கணவர் படங்களை எடுத்துக்கொண்டு காட்டிலாகாவுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு வெள்ளைக்காரத் துரை மலையடிவார பங்களாவில் வந்து தங்கி விசாரிப்பதாகச் சொன்னார். குத்தகைக்காரரோ, அந்த மரங்கள் காட்டுத்தீயில் கருகியவை, தன் ஆட்கள் கல்லைத் தாண்டவே இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அதனால்தான் இந்த வருஷப் படம், எல்லைக்கல் தெரியும்படி, வேண்டியிருந்தது. அதை எடுக்கப் போன இடத்தில்தான் கால் முறிந்தது.

எலும்பு வைத்தியர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். மறுநாள் ஒரு சாயபு பார்க்க வந்தார். தோல் பதனிடும் தொட்டிகள் வைத்திருந்தவர். எங்களுக்கு முதல் வாடிக்கை அவருடைய குடும்பம்தான். நான் காமிராவைத் தொட்டதே அந்த வீட்டால்தான். கோஷா வீட்டுப் பெண்களை ஆண் ஒருவன் படம் எடுக்க முடியாது. அதற்காக என் கணவர் எனக்குத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தார். இரண்டே வருஷத்தில் நாலைந்து வீடுகளுக்கு என்னை மட்டும் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சாயபு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலி எப்படி இருக்கிறது என்று நிஜமான அக்கறையோடு விசாரித்தார். ஆரஞ்சுப்பழம் கொண்டு வந்திருந்தார். கிளம்பும் முன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தோஸ்த், காட்டுல இருக்கிறது காட்டோட போவட்டும். பட்டை வரலன்னா தொட்டி காஞ்சிடும். தொட்டி காஞ்சா எத்தினி வூட்ல அடுப்பு எரியாது, யோசிச்சிப் பாருங்க. குத்தகைக்காரன் மொரட்டு ஆளு. நமக்கு எதுக்கு பேஜாரு?"

அது மிரட்டலா, புத்திமதியா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வரலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவர் போன பிறகு என் கணவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். துரை அந்த வாரக் கடைசியில் வருகிறார் என்று எங்களுக்குச் செய்தி வந்திருந்தது.

"நான் போயிட்டு வர்றேன்" என்றேன்.

அவர் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே, "கொன்னையோட வெள்ளத் தண்டுல வெயில் பட்டா படம் வெளுத்துடும். வெயில் ஏறதுக்கு முன்னாடி எடு" என்றார். போகாதே என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். சொல்லாதது எனக்குக் கோபமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மலையில் அவர் வழக்கமாகத் தங்கும் வீடு ஒன்று உண்டு. சாமை பயிரிடும் குடும்பம்; நானும் அங்கேதான் போய்த் தங்கினேன். அந்த வீட்டுக்காரி என் வயதுக்காரி. முக்காலியை விறகுக்கட்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பிளேட் சட்டங்களை அவளுடைய சாமைக் கூடையில் துணியில் சுற்றி வைத்தோம். மொத்தம் இரண்டு பிளேட்டுதான் கையிருப்பு. வெளிச்சம் படாமல் மரச்சட்டத்துக்குள் இருக்கும் கண்ணாடி அது. படம் எடுக்கும்போது மட்டும் சட்டத்தின் மூடியை உருவ வேண்டும்.

பள்ளத்தை நெருங்கும்போதே கோடரிச் சத்தம் கேட்டது. அவள் நின்றுவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று என்னைப் பார்த்தாள். எங்களுக்கு மேலே சரிவில் ஏதாவது அசைகிறதா என்றே என் கண் ஓடிக்கொண்டிருந்தது. சிறு கல் சரிந்தாலும் உடம்பு தூக்கிப்போட்டது. ஆனாலும் நடந்தோம்.

பாறையில் ஏறிப் பார்த்தபோது படங்களில் பார்த்துப் பழகிய இடம் அங்கே இல்லை. ஊற்றை ஒட்டிக் கொஞ்சம் மரங்கள் மிச்சம். அதற்கு இப்பால் வெறும் கட்டைகள், வெட்டின வாய் இன்னும் ஈரமாக. கற்களை இடுப்பளவுக்கு அடுக்கி முகப்பில் நம்பர் எழுதிய எல்லைக்கல் ஒன்று வெட்டவெளியில் தனியாக நின்றது. அதற்கு மேல்பக்கம் மூன்று பேர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குடையை விரித்தபடி குத்தகைக்காரரின் மேஸ்திரி நின்றார்.

முக்காலியை அந்த மூன்று குழிகளில் ஊன்றினேன். காமிராவை ஏற்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாக ஒரு குடை எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? வூட்டுக்காரர் கால ஒடிச்சிக்கினாரு, இப்ப நீ வந்துட்டியா?"

துணியிலிருந்து தலையை எடுத்தேன். மேஸ்திரி பத்தடி தள்ளி நின்றார். வெட்டுவதை நிறுத்திவிட்டு அந்த மூவரும் கோடரியோடு பின்னாலேயே வந்திருந்தார்கள். என்ன சொல்லலாம் என்று நான் எதையும் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. கடையில் ஆயிரம் தடவை கேட்ட கேள்விதான் வாயிலிருந்து தானாக வந்தது.

"நிக்கிறீங்களா, உக்கார்றீங்களா?"

அவர் முகம் மாறியது. அந்த மாற்றத்தை நான் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். கை தலைப்பாகைக்குப் போயிற்று. மீசையைத் தடவினார். கூலிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் எதிரில் மாட்டேன் என்று சொல்வதா, சரி என்று சொல்வதா என்று அவருக்குள் ஓடியது எனக்குத் தெரிந்தது.

"உக்கார்றேன்" என்றார்.

உட்கார அங்கே நாற்காலியா இருக்கிறது? சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு நேராகப் போய் எல்லைக்கல்லின் மேல் உட்கார்ந்தார். கால்மேல் கால் போட்டுக் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டார். நம்பர் எழுதிய பக்கம் அவருடைய காலுக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது. கூலிகளைக் கூப்பிட்டுப் பின்னால் கட்டைகளுக்கு நடுவில் கோடரியோடு நிற்கச் சொன்னார். நான் ஒன்றுமே சொல்லவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

முகம் மட்டும் விழுந்தால் போதாது, பின்னாலிருக்கும் கட்டைகளும் தெளிவாக விழ வேண்டும். அதற்கு லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் எல்லோரும் அதிக நேரம் ஆடாமல் இருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள் என்றேன். லென்ஸ் மூடியை எடுத்தேன். ஊற்றுத் தண்ணீர் சொட்டுவது கேட்டது. கூலிகளில் பெரியவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மூடியைப் போட்டேன்.

எடுத்த பிளேட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தேன். அவள் கூடையில் சாமைக்கு அடியில் தள்ளிவிட்டாள். ஆட்கள் இல்லாமல் ஒன்று எடுக்கலாம் என்று இரண்டாவது பிளேட்டைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் கூலிகளில் சின்னவன் மேஸ்திரியின் காதில் ஏதோ சொன்னான். மேஸ்திரி குனிந்து, தான் உட்கார்ந்திருந்த கல்லைப் பார்த்தார். எழுந்தார்.

"அந்தக் கண்ணாடிய இப்டி குடு."

"படம் கெட்டுப்போயிடும்."

"குடுமே" என்று கையிலிருந்ததைப் பிடுங்கினார். மூடியை உருவிக் கண்ணாடியை வெயிலில் காட்டினார். பிறகு பாறையில் அடித்து உடைத்துக் காலால் தேய்த்தார். அந்தச் சத்தத்தில் என் பல் கூசியது. இன்னொன்று இருப்பது அவருக்குத் தோன்றவில்லை. நான் சொல்லவும் இல்லை. காமிராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். எங்கள் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்காமல் இறங்குவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. கூடைக்காரி ஒரே ஒரு தடவை பேசினாள். "மெள்ள நட. ஓடனா சந்தேகப்படுவான்" என்றாள்.

பிளேட்டைக் கழுவுவது அடுத்த கண்டம். எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் தொட்டிக் கழிவு இறங்கி உப்பும் மஞ்சளுமாக மாறியிருந்தது. அதில் கழுவினால் கண்ணாடியில் கறை விழும். தண்ணீர் சற்றுச் சூடாக இருந்தாலும் மேலே பூசியிருக்கும் பசை கண்ணாடியை விட்டுக் கழன்று வந்துவிடும், படத்தோடு. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் கொண்டு வந்து, பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றி ஆறவைத்தேன். என் கணவர் கட்டிலோடு இருட்டறை வாசலில் கிடந்தார். வெளிச்சமானதெல்லாம் பிளேட்டில் கறுப்பாகத்தான் விழும்; சிவப்பு விளக்கில் முதலில் வானம் கறுத்தது. பிறகு கட்டைகளின் வெட்டுவாய், குடை, கல். கல்லில் நம்பர்.

"வந்துச்சா?" என்றார் வெளியிலிருந்து.

"வந்துச்சு."

கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்காரப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

காய்ந்த பிறகு அச்செடுத்துப் பார்த்தோம். எனக்கு மட்டும் சந்தோஷம் நிலைக்கவில்லை. அந்த மூன்று கூலிகளின் முகங்களும் கடையில் எடுத்தது போல அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தன. கோடரி கையில். யார் சொல்லி வெட்டினார்கள் என்பது படத்தில் எங்கே தெரியும்? பிடிப்பதென்றால் முதலில் அவர்களைத்தானே பிடிப்பார்கள்? முகத்தில் அம்மைத் தழும்பு மறைக்க நாங்கள் பிளேட்டைச் சுரண்டும் மெல்லிய கத்தி ஒன்று உண்டு. அதை எடுத்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மூன்று முகங்களைச் சுரண்ட எனக்குக் கொஞ்ச நேரம் போதும்.

"கத்தி பட்டா அது சாட்சி இல்ல. எல்லைக்கல்லையும் நாமளே வரைஞ்சோம்னு சொல்லிடுவாங்க" என்றார் அவர். அவர் சொன்னது சரிதான். சரி என்பதாலேயே எனக்கு அவர் மேல் ஆத்திரம் வந்தது. மரத்துக்காக இத்தனை வருஷம் அலைந்தவர் அந்த மூன்று பேர் வீட்டை ஒரு நிமிஷம் நினைத்தாரா என்று கேட்டுவிட்டேன். கத்தியை நான் கீழே வைக்கவும் இல்லை, பிளேட்டில் வைக்கவும் இல்லை. அன்று சாயங்காலமே கடையின் முன்பக்கக் கண்ணாடியை யாரோ கல்லெறிந்து உடைத்தார்கள்.

மறுநாள் கடைக் கதவைப் பாதி திறந்திருந்தேன். கூலிகளில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள், பெரியவனும் சின்னவனும். பிளேட்டை உடைக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கதவின் குறுக்கே நின்றுகொண்டேன். பெரியவன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"அந்தப் படத்த ஒருவாட்டி காட்டும்மா. கூடைக்குள்ள ஒண்ணு போனத இவன் பாத்துட்டான்" என்றான்.

அச்சைக் கொண்டுவந்து தூரத்தில் பிடித்துக் காட்டினேன். பெரியவன் குனிந்து பார்த்தான். "இது யாரு, எங்கப்பனா?" என்றான். சின்னவன், "அது நீதான்யா" என்றான். பெரியவன் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு விரலை நகர்த்தினான்.

"மேஸ்திரி நல்லா தெரியறாரா?"

"தெரியறாரு."

"அப்ப குடுத்துடும்மா. நாங்க ராவுல திருட்டுத்தனமா வெட்டிக்கினு இருந்தோம்னு இப்பவே பேசினுகிறாங்க. எங்கள மாட்டி வுட்டுட்டுப் போயிடுவாங்க. இந்தப் படத்துல எசமான் ஆளும் எங்ககூட குந்தினுகிறாரு இல்ல?"

நாளைக்கு வேலை தரமாட்டார்களே என்று கேட்டேன். எப்படியும் தரமாட்டார்கள் என்று சின்னவன் சொன்னான். அவர்கள் போன பிறகுதான் கத்தியைப் பெட்டியில் வைத்தேன்.

விசாரணைக்கு என் கணவரை மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். பங்களா வராந்தாவில் துரை மேஜை போட்டிருந்தார். குத்தகைக்காரர் ஆட்களோடு வந்திருந்தார். தீயில் கருகிய கதையை ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். பழைய படங்களை நான் வருஷ வரிசைப்படி வைத்தேன். கடைசியாக இந்தப் படத்தை வைத்தேன். ஒரு பொம்பளை அந்த மலைக்குப் போனாள் என்பதை யார் நம்புவார்கள் என்று குத்தகைக்காரர் சிரித்தார். துரை பூதக்கண்ணாடியை எடுத்தார். கட்டையில் சாம்பல் இல்லை, வெட்டுவாய் பச்சையாக இருக்கிறது என்று தமக்குள் சொல்லிக்கொண்டதைப் பக்கத்திலிருந்த குமாஸ்தா மொழிபெயர்த்தார். பிறகு மேஸ்திரியை எழுந்து நிற்கச் சொன்னார். அது வேறு கல் என்றார் மேஸ்திரி. துரை நம்பரை வாய்விட்டுப் படித்தார். கூலிகளை அழைத்து யார் சொல்லி வெட்டினீர்கள் என்று கேட்டார். பெரியவன் மேஸ்திரியைக் காட்டி, இவர்தான் சொன்னார் என்றான்.

ஊற்றுப்பள்ளத்துக்கு மேல் யாரும் கை வைக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. குத்தகைக்காரருக்கு அபராதம். கூலிகளை எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை. சின்னவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். பெரியவன் நாட்றம்பள்ளிப் பக்கம் களை எடுக்கப் போனான். மூன்றாமவனைப் பற்றித் தெரியவில்லை. குத்தகைக்காரர் அடுத்த சீசனில் வேறொரு மலையில் வேறு சரிவை எடுத்தார்.

எங்களை எந்தத் தொட்டிக்கார வீட்டிலும் கூப்பிடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ரயில்வேக்காரர்கள், கல்யாணங்கள் என்று தட்டுத்தடுமாறி ஓட்டினோம். இரண்டு வருஷம் கழித்து அந்தச் சாயபு வீட்டிலிருந்தே ஆள் வந்தது, மருமகளுக்குப் படம் வேண்டுமென்று. போனேன். சாயபு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். பழைய கதையை எடுக்காமல், இப்போது பட்டை கப்பலில் வருகிறது, ஆப்பிரிக்கா பட்டை, நம்முடையதைவிட மலிவு என்றார். ஊற்றுப்பள்ளம் பிழைத்தது எங்கள் படத்தாலா, கப்பலாலா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். என் கணவரிடம் சொன்னபோது, கப்பல் வருகிறவரை அது நிற்க வேண்டியிருந்ததே என்றார்.

அவருடைய கால் கூடியது, ஆனால் கட்டையாகக் கூடியது. மலை ஏற முடியாது. மழைக்காலம் முடிந்ததும் நான்தான் போகிறேன். முக்காலியைச் சுமக்க அதே சாமைக்காரி வருகிறாள். வெட்டின கட்டைகளில் கொன்றை மட்டும் துளிர்த்திருக்கிறது. மருது துளிர்க்கவே இல்லை. இப்போதும் அந்தச் சரிவில் நிற்கும்போது என் காது மேலேதான் இருக்கும். படத்தை நான் கொண்டுவந்து கொடுத்தால் அவர் ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சீக்கிரம் எடுத்திருக்கலாம், வெயில் ஏறிவிட்டது என்பார். நீங்களே போய் எடுங்கள் என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஊற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்பார். இந்த வருஷம் கம்மிதான், ஆனால் சொட்டுகிறது என்றேன்.